கிள்ளைக்கு முந்தின பெயர்

“அடுத்து கிள்ளை” என்று ஜெயராணி சொல்லி முடிப்பாள். அந்த நொடியே எவனோ ஒருத்தன் மைக்கை அழுத்துவான். அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசமாட்டான்.

எங்களுடையது கெடிலம் ரேடியோ சங்கம். கடலூரிலும் சிதம்பரத்திலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஆளுக்கொரு கால்சைன், அதாவது ரேடியோவில் சொல்லிக்கொள்கிற அடையாள எழுத்து, வைத்திருக்கிறோம். தினமும் சாயந்தரம் வருகைப்பதிவு உண்டு. அதை எடுக்கிறவள் ஜெயராணி. கடலூர் முதுநகரில் கணக்கு டீச்சர். வகுப்பில் எடுக்கிற மாதிரியே எடுப்பாள். பெண்ணாடம், காட்டுமன்னார்கோயில் என்று வரிசையாகக் கூப்பிடுவாள். கூப்பிட்ட ஆள் மட்டும்தான் வாயைத் திறக்கலாம். கடைசியில் வருவது கிள்ளை. கிள்ளை என்றால் நான், பக்கிரி. கிள்ளைக் கடைத்தெருவில் பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற கடை வைத்திருக்கிறேன்.

மைக்கை அழுத்தியவனுக்குக் காது கிடையாது. பேசுகிற நேரத்தில் செட்டு எதையும் கேட்காது, அது அதன் பிறவிக்குணம். அதனால் இந்த அக்கிரமம் முதலில் எனக்கே தெரியவில்லை. நான் பாட்டுக்குப் பேசுவேன். கையை எடுத்தால், “கிள்ளை இன்னிக்கும் வரலை” என்று ஜெயராணி சொல்லிக்கொண்டிருப்பாள். நான் மறுபடியும் குறுக்கே விழுந்து கத்தினால், “மாமா, ஒரே கொரகொரப்பா இருக்கு, ஒண்ணும் புரியலை” என்பாள். என் கடை தகரக் கொட்டகை. அதன் மேல் மூங்கிலில் கட்டிய ஆண்டெனா. கடலூருக்கு என் குரல் போய்ச் சேரும்போது குற்றுயிராகத்தான் இருக்கும். பலமான அலை ஒன்று வந்தால் மெலிந்தது அமுங்கிப்போகும். ரேடியோவிலும் அதே நியாயம்தான்.

ஒரு நாள் வேண்டுமென்றே பேசாமல் உட்கார்ந்து கேட்டேன். ‘அடுத்து கிள்ளை’ என்றாள். உடனே படக்கென்று ஒரு அலை விழுந்தது. பேச்சு இல்லை. எங்கோ ஒரு மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றுகிற சத்தம். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நின்றது.

“பாத்தியா, என் பேரு வந்ததும் வாய அடைக்கிறான்” என்றேன்.

என் பெண்சாதி ராசம்மாள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். “உன் வாய அடைக்கிறதுக்கு ஒருத்தன் பொறந்துட்டானா? அட்ரஸ் கெடைச்சா சொல்லு, ஒரு படி எறா குடுத்துட்டு வரேன்” என்றாள்.

சிரிக்கிற விஷயமில்லை. நான் எதற்காக இந்தச் சங்கத்தில் சேர்ந்தேன் என்று அவளுக்குத் தெரியும். ‘தானே’ என்று பெயர் வைத்த புயலில் எங்கள் தெருவில் ஒரு கூரை மிச்சமில்லை. செல்போன் எல்லாம் செத்துப்போச்சு. குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட வழியில்லை. பக்கத்து ஊருக்கெல்லாம் லாரி வந்தது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. பிறகு விசாரித்தபோது, “உங்க பக்கம் தகவல் எதுவும் வரலையே, சேதம் இல்லைன்னு நெனச்சோம்” என்று ஒருத்தர் சொன்னார். யார் சொன்னார், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் இப்போது எதற்கு? தகவல் இல்லை என்றால் சேதம் இல்லை. இதுதான் கணக்கு. அன்றைக்கு முடிவெடுத்தேன், என் ஊருக்கு நானே பேசுவேன், எவனையும் நம்பமாட்டேன் என்று. ஆறாம் வகுப்பு படிப்பை வைத்துக்கொண்டு ஹாம் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை பாஸ். சங்கத்தில் ஆம்பிளைகளை ‘ஓல்டு மேன்’ என்று கூப்பிடுவது உலக வழக்கமாம். முதல் தடவை அப்படிக் கூப்பிட்ட தலைவரை நான் அடிக்கப் போனேன். அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் கடலூரில் ஒரு ஒத்திகை வைப்பதாக ஏற்பாடு. புயல் வந்து போன், கரண்ட் எல்லாம் போனதாக வைத்துக்கொண்டு, ஹாம் ரேடியோவில் மட்டும் ஊர் ஊராகச் செய்தி வாங்கிக் காட்ட வேண்டும். அதிகாரி ஒருவர் கூடவே உட்கார்ந்து கேட்பார். எந்த ஊர் பேசுகிறதோ அந்த ஊர் புயல்கால வரைபடத்தில் ஏறும். பேசாத ஊர் ஏறாது.

எங்கள் தலைவர் சேதுமாதவன் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. ஒத்திகைக்கு முந்தின கூட்டத்தில், “கிள்ளையை இந்தத் தடவை விட்டுடலாம், பக்கிரி. சிக்னலும் வீக். அந்த விஷமியும் உங்க டைம்லதான் வரான். அதிகாரி முன்னாடி அசிங்கமாயிடும்” என்றார்.

“விட்டுட்டு?”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“புயலு அடுத்த வருஷந்தான் வரேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போச்சா சார்?”

ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். “ஒத்திகைக்குள்ள அவனப் புடிச்சிக் காட்டுறேன். புடிச்சிட்டா கிள்ளை பேசும். சரியா?” என்றேன். சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் சரி என்று அர்த்தம்.

எங்கள் சங்கத்தில் நரி வேட்டை என்று ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தர் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எங்காவது ஒளித்து வைப்பார். அதுதான் நரி. மற்றவர்கள் கையில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்பினால் சத்தம் ஜாஸ்தி என்று பார்த்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை பெரிய மனுஷர்கள் மணலில் ஓடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரியும். பிழைப்பில்லாதவன் வேலை என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த வேலைதான் வேண்டியிருந்தது.

சந்தேகம் எனக்கு எல்லார் மேலும் இருந்தது. முக்கியமாக நடராஜ் மேல். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் வருகைப்பதிவுக்கு வரமாட்டான். கேட்டால் கடையில் கூட்டம் என்பான். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை.

முதல் வேட்டையைக் கடலூரில் வைத்தோம். மூன்று கோஷ்டி. மஞ்சக்குப்பத்திலிருந்து சேதுமாதவன் காரில். முதுநகரிலிருந்து ஜெயராணி ஸ்கூட்டரில். செம்மண்டலம் பக்கமிருந்து நானும் நடராஜும். அவனைக் கண் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சேர்த்துக்கொண்டேன். கிள்ளையில் என் செட்டை மூடிவிட்டு வந்திருந்தேன். பதிவு எடுக்கிற வேலையை அன்றைக்குப் பெண்ணாடத்துக்காரர் பார்த்தார். ‘அடுத்து கிள்ளை’ என்றார். அலை விழுந்தது. கிறீச் கிறீச்.

“அங்க! வடக்கால!” என்று கத்தினேன். நடராஜ் வண்டியை விரட்டினான். அம்பு போட்ட மாதிரி திசை தெரிந்தது. ஆண்டெனாவைக் கொஞ்சம் திருப்பினாலும் சத்தம் குறைகிறது, நேராகப் பிடித்தால் செட்டு மீட்டரில் முள் முழுக்க ஏறுகிறது. அலை நின்றபிறகும் அந்தத் திசையை விடாமல் போனோம். மறுபடியும் கூப்பிடச் சொன்னோம். மறுபடியும் விழுந்தது. சந்து, பொந்து, ஒருவழிப் பாதை என்று எதையும் பார்க்கவில்லை. ஒரு ஆறு மாடிக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றால், எதிர்ப்பக்கமிருந்து சேதுமாதவன் கார் வந்து நிற்கிறது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஜெயராணியும் வருகிறாள். மூன்று ஆண்டெனாவும் ஒரே மொட்டை மாடியைக் காட்டுகின்றன.

“மாட்டினான்” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் எழுந்து வந்து, “என்னா சார், எல்லாரும் சேந்து வந்திருக்கீங்க? உங்க டவருக்கு எதனா ரிப்பேரா?” என்றார்.

மேலே இருந்தது எங்கள் சங்கத்து ரிப்பீட்டர். நாங்கள் ஒரு அலைவரிசையில் பேசுவோம். அதைக் கேட்டு, பெரிதாக்கி, இன்னொரு அலைவரிசையில் ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்வது ரிப்பீட்டர். அவன் எங்கிருந்து அழுத்தினாலும் எங்கள் காதுக்கு வருவது ரிப்பீட்டரின் குரல்தான். கோயில் ஸ்பீக்கரில் பாடுகிறவனைப் பிடிக்கப் போய் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்த கதை. லைசென்ஸ் வைத்த நாலு பேரும் சேர்ந்து எங்கள் டவரையே எங்களுக்குக் காட்டிக்கொடுத்தோம்.

“பரீட்சையில இது முதல் பாடம்” என்றாள் ஜெயராணி. சிரித்தால் நான் கோபித்துக்கொள்வேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். “நாம அவன் பேசுற அலைவரிசையில கேக்கணும். ரிப்பீட்டர் பேசுறதுல இல்ல.”

“ஆமா, தெரியும்” என்றார் சேதுமாதவன்.

“தெரிஞ்சிதான் வந்தீங்களா சார்?” என்றான் நடராஜ். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் மேல் எனக்கு இருந்த சந்தேகம் பாதி குறைந்தது. மீதி குறையவில்லை, அவன் கடையில் வேறு ஆளை உட்காரவைத்து அழுத்தச் சொல்லியிருக்கலாம்.

அவன் பேசுகிற அலைவரிசையில் அலை நேராக அவனிடமிருந்து வரும். பக்கத்தில் இருந்தாலோ, உயரமான ஆண்டெனா இருந்தாலோதான் கேட்கும். கடலூரில் தெருவில் நின்று கை ஆண்டெனாவில் பார்த்தோம், ஒன்றுமில்லை. கிள்ளையில் என் கடையில் வைத்துப் பார்த்தேன். முள் பாதிக்கு மேல் ஏறியது. மூங்கிலைத் திருப்பினேன். மேற்கே சிதம்பரம் பக்கம் திரும்பியதும் இன்னும் ஏறியது.

“சிதம்பரந்தான். நான் சொன்னன்ல?” என்றேன் போனில்.

“நடராஜ் இப்ப இன்னொரு போன்ல எங்கூட இருக்காரு மாமா. அவரு கடையில கஸ்டமர் சத்தம் கேக்குது. அங்க யாரு மைக்க அழுத்துவாங்க?” என்றாள் ஜெயராணி.

மீதி சந்தேகமும் போயிற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை. சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனால் ஒரு மாதிரி இருக்கிறது.

மறுநாள் சாயந்தரம் சிதம்பரத்தில் இரண்டாவது வேட்டை. நடராஜ் பைக்கை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆண்டெனாவைப் பிடித்தேன். பிவிசி குழாயில் இஞ்சு டேப்பை வெட்டிக் குறுக்கே கட்டிச் செய்த ஆண்டெனா அது. பார்த்தால் பெரிய மீன் முள் மாதிரி இருக்கும். கீழ வீதியில் பூக்கடைக்காரன் ஒருத்தன், “பெருசு, மீனத் தின்னுட்டு முள்ள எங்க எடுத்தும்போற?” என்றான். “டிவி தெரியலைன்னா கேபிள்காரனக் கூப்புடு, நீ ஏன் தூக்கினு அலையிற?” என்றான் இன்னொருத்தன். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன், ஆனால் காதில் ஹெட்போன்.

ஜெயராணியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். கிள்ளையை ஒரு தடவை மட்டும் கூப்பிடாதே, கூப்பிட்டுக்கொண்டே இரு. தூண்டிலில் புழு மாதிரி என் ஊர்ப் பெயரைப் போட்டாள். “அடுத்து கிள்ளை.” அலை விழுந்தது. தெற்கு வீதிப் பக்கம் திரும்பினோம். நின்றது. “மறுபடியும் கிள்ளை.” விழுந்தது. இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக, ஆனால் கோபமாக அழுத்தின மாதிரி. ஒரு சந்துக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் முழுக்க நின்றது. ரொம்ப நெருங்கிவிட்டால் அப்படித்தான், ஆண்டெனா குருடாகிவிடும். அதைக் கழற்றி நடராஜிடம் கொடுத்துவிட்டு, செட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன். நம் உடம்பே மறைக்கும். எந்தப் பக்கம் முதுகு காட்டும்போது சத்தம் செத்துப்போகிறதோ, நரி அந்த முதுகுப் பக்கம். சந்தின் நடுவில் ஒரு கிழவன் டப்பாவைக் கட்டிக்கொண்டு சாமி வந்தவன் மாதிரி சுற்றுகிறான். கதவுகள் திறந்தன.

ஒரு வீட்டுக்கு முதுகு காட்டியபோது சத்தம் அறுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்று மாடி. உச்சியில் இரும்புக் கம்பம், அதன் மேல் நீண்ட ஆண்டெனா, கடலூரைப் பார்த்துக்கொண்டு.

“அண்ணே” என்றான் நடராஜ். அவன் முகம் மாறியிருந்தது. “இது சத்யநாராயணன் சார் வீடு.”

சத்யநாராயணன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு குரல்தான் ஞாபகம் வந்தது. ஹாம்களுக்குள் அப்படித்தான். வருஷக்கணக்கில் பேசியிருப்போம், முகம் தெரியாது, வீடு தெரியாது. சிதம்பரம் என்று கூப்பிட்டால் அவர் வருவார். காட்டுமன்னார்கோயிலுக்கு அடுத்து, எனக்கு முன்னால். என் சிக்னல் கொரகொரத்தால், “கிள்ளை சொல்றதை நான் சொல்றேன்” என்று வாங்கிக் கடலூருக்குக் கடத்துவார். போன வருஷம் இறந்துவிட்டார். ரேடியோவில் மௌனம் அனுஷ்டித்தோம். அதற்கப்புறம் அவர் கால்சைனைக் கூப்பிடுவதில்லை. இறந்தவர் கால்சைனை உபயோகிக்கக் கூடாது, அது சட்டம்.

“செத்தவரா அழுத்துறாரு?” என்றேன்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன் மேல் செட்டு. தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, கிறீச் கிறீச். மேஜைக்கு முன்னால் ஒரு அம்மாள், கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மைக் மடியில் கிடந்தது. எங்களைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

“வாங்கோ. இத்தனை நாளாச்சா வரதுக்கு? அவர் இருந்திருந்தா அரைமணியில கண்டுபிடிச்சிருப்பார்” என்றார்.

“லலிதா மாமி, நீங்களா?” என்றான் நடராஜ்.

“நான்தான். வேற யாரு இருக்கா இங்க?”

எனக்கு வந்த கோபத்தில் ‘அம்மா’ என்ற மரியாதை மட்டும்தான் மிஞ்சியது, மற்றதெல்லாம் ஓடிவிட்டது. “ஏம்மா, லைசென்ஸ் இல்லாம அழுத்துறது குத்தம்னு தெரியுமா? புடிச்சிக் குடுத்தா செட்ட தூக்கினு போயிடுவாங்க.”

“தெரியுமே. அதைத்தான் உங்க தலைவர் வந்து சொன்னார். அவர் காரியம் முடிஞ்ச பதிமூணாம் நாள். நாலு பேரா வந்தா. காபி குடிச்சா. லைசென்ஸ்காரர் போயிட்டார், செட்டை ஒப்படைச்சுடுங்கோன்னா. நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தர் கேக்கலை.” கத்தியைத் தட்டில் வைத்தார். “முப்பது வருஷம் அவர் ஆபீஸ் போயிட்டு வரவரைக்கும் இந்தச் செட்டுக்கு முன்னாடி உக்காந்து கேட்டுண்டிருந்தது யாரு? செய்தி எழுதி எடுத்தது யாரு? தானே புயல்ல அவர் மைக்கைப் பிடிச்சார், நான் எழுதினேன். அதெல்லாம் உங்க சங்கத்துல யாருக்கும் தெரியாது. சரி, போகட்டும். அன்னிக்கு சாயந்தரம் வருகைப்பதிவு கேக்கறேன். காட்டுமன்னார்கோயில்ங்கறா. அடுத்து கிள்ளைங்கறா. நடுவுல சிதம்பரம்னு ஒரு ஊர் இருந்துதே, அது எங்க போச்சு? நடராஜர் எடுத்துண்டு போயிட்டாரா? அவர் கால்சைனைச் சொல்ல வேண்டாம். ஊர்ப் பேரைக்கூடவா சொல்லப்படாது?”

“அதுக்கு என் ஊரு வாய மூடுவியா?”

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “உங்க ஊர் எது?”

“கிள்ளை!”

“கிள்ளையா? கிள்ளைதான் வரதே இல்லையே! நான் அழுத்திட்டு விட்டதும் அந்தப் பொண்ணு தினமும் சொல்றாளே, கிள்ளை இன்னிக்கும் வரலைன்னு. அதோட நான் செட்டை அணைச்சுடறேன். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். வராத ஊருக்கு எடம் இருக்கு, இருக்கற ஊருக்கு இல்லைன்னு.”

நான் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டேன். மைக்கை அழுத்தியவனுக்குக் காது கிடையாது என்று நான்தான் முதலில் சொன்னேன். அவரும் அழுத்திக்கொண்டிருந்தார், நானும் அழுத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தர் இருப்பது இன்னொருத்தருக்குத் தெரியாது. நான் வரவில்லை என்று அவருக்குக் கோபம். அவர் அழுத்துவதால்தான் நான் வரவில்லை.

“வராத ஊரு இல்லம்மா. வந்து வந்து உங்க ஃபேன் சத்தத்துக்கு அடியில செத்த ஊரு” என்றேன்.

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, “பக்கிரியா நீங்க? குரல் நேர்ல இன்னும் கடூரமா இருக்கு” என்றார்.

அடுத்த நாள் சேதுமாதவனை அங்கேயே வரவழைத்தேன். ஜெயராணியும் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். இந்தத் தடவை காபி இல்லை. சேதுமாதவன் மேஜையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பேனாவைத் தொட்டார். “மேலிடத்துக்குப் புகார் எழுதணும். வேற வழியில்ல. சட்டம்னு ஒண்ணு இருக்கு” என்றார்.

“எழுதுங்க. செட்டு போவட்டும். அப்பறம் ஒத்திகையில ரிப்பீட்டர நிறுத்துவாங்களே, நெசப் புயல்ல டவரு விழுந்த மாதிரி. அப்ப கிள்ளை கடலூருக்கு எப்பிடிப் பேசும்? இங்க மேல நிக்கிற கம்பத்த விட்டா நடுவுல வேற எது இருக்கு?”

“அதனாலதான் கிள்ளை வேண்டாம்னு…”

“கிள்ளை வேணும்” என்றேன். “நீங்க கண்ணாடியத் தொடைச்சீங்க. புடிச்சிட்டன். பேச்சு பேச்சா இருக்கணும்.”

ஜெயராணிதான் வழி கண்டுபிடித்தாள். செட்டு சட்டப்படி நடராஜ் பெயருக்கு மாறட்டும், இடம் மாற வேண்டாம். ஒத்திகையன்றைக்கு நடராஜ் பக்கத்தில் உட்கார்ந்து தன் கால்சைனைச் சொல்லட்டும். லைசென்ஸ் உள்ளவன் கூடவே இருந்தால் செய்தியை இன்னொருத்தர் வாயால் சொல்லலாம், எழுதி எடுக்கலாம். அடுத்த பரீட்சைக்கு மாமி பெயர் கொடுக்கட்டும்.

“என்ன சொல்றீங்க மாமி?” என்று கேட்டாள்.

“சிதம்பரம்னு கூப்பிடுவியா?”

“கூப்பிடுவேன்.”

“அவருக்காக மௌனமெல்லாம் வேண்டாம். அவர் போயிட்டார். நான் இருக்கேன். என்னைக் கூப்பிடு.”

சேதுமாதவன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பிறகு எழுந்து, “அன்னிக்கு நாங்க வந்தது சரியான நாள் இல்ல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். லலிதாம்பாள் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

ஆனாலும் அந்த அம்மாளை நான் நம்பவில்லை. உள்ளதை மறைப்பானேன்? ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலை. கடையில் புதுசாகச் சார்ஜ் போட்ட லாரி பேட்டரியைச் செட்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருக்காரர்கள் பாதிப்பேர் கடை வாசலில். ராசம்மாள் யாரையும் பேசவிடாமல் முறைத்துக்கொண்டு நின்றாள். பெண்ணாடம் பேசியது. காட்டுமன்னார்கோயில் பேசியது. “அடுத்து சிதம்பரம்” என்றாள் ஜெயராணி.

அலை விழுந்தது. பேச்சு இல்லை. கிறீச் கிறீச்.

“போச்சு” என்றேன். “கெடுத்துட்டா.”

“சிதம்பரம்” என்று குரல் வந்தது. நடராஜ் கால்சைனைச் சொன்னான், தொடர்ந்து லலிதாம்பாள் தெளிவாக, நிதானமாகப் பேசினார். பிறகுதான் எனக்கு உறைத்தது. மைக்கை அழுத்தின உடனே பேசினால் முதல் எழுத்து வெட்டுப்படும். ஒரு மூச்சு விட்டுப் பேசுவதுதான் முறை. நாங்கள் யாரும் அந்த முறையைக் கடைப்பிடிப்பதில்லை.

அடுத்து நான். ரிப்பீட்டர் இருந்ததால் ஏதோ கொரகொரவென்று போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஏற்பாட்டின்படி ரிப்பீட்டரை நிறுத்தினார்கள். கடலூர் குரல் எனக்கு அறுந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். வாசலில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

சிதம்பரம் வந்தது. “கிள்ளை, கடலூர் சொல்றதை நான் சொல்றேன். அதிகாரி சொல்றார், கிள்ளையிலேர்ந்து தகவல் இல்லைன்னு போட்டுண்டு முடிச்சுடலாம்னு. ஓவர்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழுதி வைத்திருந்த ஒத்திகைச் செய்தி கையிலேயே கசங்கியது. மைக்கை அழுத்தினேன். “தகவல் இல்லைன்னா ஒண்ணும் ஆவலைன்னு எழுதிக்கிற பயலுவளுக்குச் சொல்லு. கிள்ளை இங்கதான் இருக்குது. தானே புயல்ல எங்க தெருவுல ஒரு கூரை நிக்கல, அப்பவும் தகவல் இல்லைன்னுதான் எழுதினீங்க. நாங்க பேசலைன்னா உங்களுக்குக் காது இல்லைன்னு அர்த்தம். போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவ வந்து பாரு. எங்களுக்குக் குடிதண்ணி வேணும், படகு ரெண்டு வேணும், அவ்வளவுதான். ஓவர்.”

கையை எடுத்த பிறகுதான், ஐயோ என்று இருந்தது. இது அதிகாரி காதுக்கு. ஆனால் செய்தி கடத்துவதில் எங்களுக்கு ஒரே விதி, சொன்னதைச் சொன்னபடி. ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

லலிதாம்பாள் விதியை மீறவில்லை. கடலூரைப் பார்த்து அவர் பேசியது எனக்குக் கேட்டது. ‘பயலுவளுக்கு’ என்பதை அழுத்தந்திருத்தமாக, சுலோகம் சொல்கிற மாதிரி சொன்னார். ‘காது இல்லைன்னு அர்த்தம்’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். ராசம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு சிதம்பரம்: “கிள்ளை, கடலூர் பதில் சொல்றது. அதிகாரி கேக்கறார், குடிதண்ணி எத்தனை குடும்பத்துக்கு? படகு எந்தத் துறைக்கு வரணும்? ஓவர்.”

வாசலில் யாரோ விசில் அடித்தான். நான் சொன்னேன். இந்தத் தடவை மரியாதையாக.

சாயந்தரம் ஜெயராணி போன் செய்தாள். வரைபடத்தில் கிள்ளை ஏறிவிட்டது. சிதம்பரமும் ஏறிவிட்டது, கிள்ளைக்குக் கடத்தும் நிலையம் என்று. பயலுவ என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடலாமா என்று சேதுமாதவன் கேட்டாராம். வேண்டாம், செய்தி அப்படியே இருக்கட்டும் என்று அந்த அதிகாரியே சொன்னாராம்.

அன்றைக்கு வருகைப்பதிவில் என் முறை வந்ததும், “சிதம்பரம், பரீட்சைல பாஸ் பண்ற வரைக்கும் உங்கள முழுசா நம்பமாட்டன்” என்றேன்.

நடராஜ் அவன் கால்சைனைச் சொன்னான். ஒரு மூச்சு இடைவெளி. கிறீச் கிறீச்.

“கிள்ளை, நானும் உங்க மூங்கிலை நம்பலை. மழைக்குள்ள இரும்புக் கம்பம் நடுங்கோ. ஓவர்” என்றார் லலிதாம்பாள்.

மறுநாளே சிதம்பரத்துக்குப் போய்க் கம்பம் வாங்கி வந்தேன். ஆழமாகக் குழி தோண்டி நட்டேன்.